இரண்டு சோதனைக் கழுந்துகள்

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு டப்பாவைத் திறந்தேன். ஆறு இருந்தன. எட்டு இருக்க வேண்டும்.

மறுபடி எண்ணினேன். ஆறை எத்தனை முறை எண்ணினாலும் ஆறுதான். அப்படியும் எண்ணினேன்.

நாற்காலியின் காலையும் சட்டத்தையும் சேர்க்க எங்கள் பட்டறையில் சட்டத்தின் நுனியைச் செதுக்குவதில்லை. காலில் ஒரு துளை, சட்டத்தில் ஒரு துளை. தனியாகச் செய்த சிறு கட்டை ஒன்றைப் பசை தடவி நடுவில் நுழைப்போம். தனிக்கழுந்து என்று பெயர். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒட்டிய பிறகு யார் கண்ணிலும் படாது. ஒரு நாற்காலிக்கு எட்டு.

அதற்கு மரம் பொறுக்குவதும் இழைப்பதும் என் வேலை. நாற்காலி தேக்கு என்றாலும் கழுந்துக்கு நான் பீச் என்ற வெளிநாட்டு மரத்தைத்தான் எடுப்பேன். துண்டின் தலையில் கத்தியை வைத்து ஒரு தட்டு. நேராகப் பிளந்தால் எடுத்துக்கொள்வேன். கோணிக்கொண்டு போனால் குப்பைக்கு. கனம் பத்து மில்லிமீட்டர், நீளம் நாற்பத்தாறு. இரண்டு துளையும் சேர்ந்து நாற்பத்தெட்டு ஆழம். மிச்சம் இரண்டு மில்லிமீட்டர் பசை ஒதுங்க. கையால் அழுத்தினால் நுழைய வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது.

டப்பாவில் இருந்தவை வேறு வகை. சோதனைக் கழுந்துகள். பசை போடும் முன் நாற்காலியைச் சும்மா கோத்துப் பார்க்க வேண்டும், கோணம் சரியா, நான்கு காலும் தரையில் நிற்கிறதா என்று. அதற்கு நிஜக் கழுந்தைப் போட்டால் மறுபடி உருவுவதற்குள் உயிர் போய்விடும். ஆகவே அரை மில்லிமீட்டர் ஒல்லியாக எட்டு செய்து, நுனிகளில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். கோத்துப் பார்த்ததும் எட்டையும் உருவி டப்பாவில் போட வேண்டும். எண்ண வேண்டும். எட்டு வந்த பிறகுதான் பசையைத் திறக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவனே நான்தான். கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன். இங்கே வந்த முதல் வாரம் சிவப்புப் பெயின்ட் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு குறைகிறது என்றால் அந்த இரண்டும் ஒரு நாற்காலிக்குள் இருக்கின்றன, பசை இல்லாமல். இருந்தது ஒரே செட். நடுவில் தவறியிருந்தால் அடுத்த நாற்காலியிலேயே தெரிந்திருக்கும். ஆகவே கடைசியாகக் கோத்தது. இருபத்துநான்காவது. நூலகத்துக்காகச் செய்தவை. சனிக்கிழமையே வண்டியேறிவிட்டன.

நிஜக் கழுந்துகள் இருந்த தட்டைப் பார்த்தேன். இருநூறு செய்திருந்தேன். எட்டு மிஞ்ச வேண்டும். பத்து மிஞ்சியிருந்தது.

அந்த நாற்காலியைக் கோத்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். எதையும் நினைக்கவில்லை. அதுதான் என் வியாதி.

என் மனைவி இறந்து எட்டு மாதம். காய்ச்சல், ஒன்பது நாள். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன், தூங்கினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒரு நாள் மகளைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவரப் பேருந்தில் ஏறினேன். இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் தோளைத் தட்டினார். திரும்பும் வண்டியிலும் இறங்க மறந்தேன். பன்னிரண்டு மணிக்கு விடும் பள்ளிக்கு மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். நான்கு வயது. பூட்டிய கதவுக்கு வெளியே, ஆயாவின் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

அன்று மாலையே அத்தை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மனைவியின் அம்மா. மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். குரலை உயர்த்தத் தெரியாதவர்.

“நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு சொல்லலை மாப்பிள்ளை. நீங்க அங்க இல்லவே இல்லை. அதான் பயமா இருக்கு.”

எனக்காகப் பரிந்து பேசியவர் மச்சான், அத்தையின் மகன். பட்டறை அவருடையது. தொழிற்சாலை வேலை அதற்குள் போய்விட்டிருந்தது. மூன்று மாதம் தன் கண்முன்னால் வேலை செய்யட்டும், ஒரு பிசகு இல்லாமல் இருந்தால் குழந்தையைத் தானே கொண்டுபோய் விடுவதாக அவர் தன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்தார். அந்த மூன்று மாதம் வரும் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது.

முதலில் தரையைத் தேடினேன். பிறகு மரத்தூள் சாக்குகளைக் கொட்டிக் கையால் அளைந்தேன். பாலிஷ்காரர் வந்து பார்த்துவிட்டு, என்ன தம்பி மோதிரம் கீதிரம் தொலைச்சிட்டீங்களா என்றார். கேட்ட பிறகுதான் என் மனைவி இறந்தது நினைவுக்கு வந்ததுபோல என் விரலைப் பார்த்தார். தன் தகர டப்பாக்களின் பக்கம் போய்விட்டார்.

நாற்காலிகளின் அடியில் பென்சிலால் எண் போட்டிருந்தேனே, அதைப் பார்த்தாரா என்று கேட்டேன். அவருக்கு ஒரே பெருமை. எண் என்று அவருக்குத் தெரியாது, அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டு ஒன்றுவிடாமல் தேய்த்து எடுத்துவிட்டாராம். அடியும் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.

ஒன்பதரைக்கு மச்சான் வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். வாண்டு மூன்று தடவை பையை அடுக்கிவிட்டாள், மூன்று தடவையும் தலையணையை அடியில் வைத்து மேலே மிதித்தாள் என்றார். வாண்டு என்பது என் மகள். ஞாயிறு காலை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடட்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“என்ன மாப்ளை?”

“ஒண்ணுமில்லை மச்சான். பத்து மணிக்கு.”

அவர் மரக்கடைக்குப் போனதும் ஒரு பீச் துண்டை எடுத்தேன். ஒன்பதரை மில்லிமீட்டருக்கு இழைத்தேன். இரண்டாக அறுத்து முனை மழுக்கிச் சிவப்பு அடித்தேன். டப்பாவில் போட்டேன். எட்டு. பெயின்ட் காயவில்லை, மூடிவைத்துவிட்டேன்.

பதினைந்து நிமிட வேலை. இந்த மூன்று மாதத்தில் இவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

அதற்குப் பிறகு கை ஓடவில்லை. மேசைக் காலில் துளையைத் தப்பான பக்கம் குறித்தேன். அழித்து, மறுபடி அதே பக்கம் குறித்தேன். தேநீர் வாங்கி வைத்துவிட்டு ஆறியதும் இன்னொன்று வாங்கினேன். ஒரு சட்டத்தில் மட்டும் பசை இல்லாத நாற்காலி எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியும். மூன்று பக்கம் பிடிக்கும். நான்காவது பக்கம் பிடிப்பதுபோல நடிக்கும். ஆள் ஒவ்வொரு முறை சாயும்போதும் ஒரு மயிரிழை விலகும். ஒரு மாதம் தாங்கலாம். இன்றைக்கே போகலாம். போகும்போது சொல்லிக்கொண்டு போகாது. பின்னங்கால் ஒரே வீச்சில் வெளியே வரும், ஆள் மல்லாந்து விழுவான்.

பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்காமல் கிளம்பினேன்.

நூலகம் நான்கு தெரு தள்ளி, ஒரு வங்கியின் மாடியில். எங்கள் நாற்காலிகள் நீள மேசைகளின் இருபக்கமும் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே மாதிரி. அதற்குத்தானே அவ்வளவு பாடுபட்டோம். முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருக்கையின் அடியை இரண்டு கையாலும் பற்றி, இடுப்பை இடமும் வலமும் முறுக்கிக் காது கொடுத்தேன். சத்தமில்லை. அடுத்ததற்கு மாறினேன். ஐந்தாவதில் உட்கார்ந்தபோது ஒரு கல்லூரிப் பெண் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதினோராவதில், எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மூட்டைப்பூச்சியா?”

“இல்லைங்க.”

“புது நாற்காலியாச்சே, அதுக்குள்ளயான்னு பார்த்தேன். அப்ப உனக்குத்தான் ஏதோ.”

பதினேழு நாற்காலி ஆயிற்று. பதினேழும் கல் மாதிரி இருந்தன. மற்றவற்றில் ஆட்கள். பெரியவரிடம் ஒரு நிமிடம் எழுந்திருக்க முடியுமா என்று கேட்டேன். காற்றாடிக்கு நேர்கீழே கிடைத்த இடம், காலை எட்டு மணிக்கு வந்து பிடித்தது, உயிலில் எழுதி வைத்தால்தான் அடுத்தவருக்குப் போகும் என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார்.

ஆறு பேர். ஆறாவது ஆள் பருத்த உடம்புக்காரர், ஏதோ தேர்வுக்குப் படிப்பவர். பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு நாற்காலியைப் பின்னங்கால் இரண்டில் நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தார். தலைக்குப் பின்னால் ஒரு முழத்தில் இரும்பு அலமாரியின் மூலை.

மாலை ஆறு மணிவரை காத்திருக்கலாம். எல்லாரும் போன பிறகு வந்து, சத்தமில்லாமல் அந்த நாற்காலியைக் கண்டுபிடித்து, தோளில் போட்டுக்கொண்டு போய், ஒட்டிக் கொண்டுவந்து வைத்துவிடலாம். டப்பாவில் எட்டு இருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது. இந்த ஆள் உட்கார்ந்திருப்பது அந்த நாற்காலியாக இருக்க வாய்ப்பு ஆறில் ஒன்று. கல்லூரியில் இப்படிப்பட்ட கேள்விக்குப் பின்னத்தை எழுதிக் கீழே கோடு போட்டால் போதும். மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள்.

அவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

நூலகரின் மேசைக்குப் போனேன். நடுத்தர வயதுப் பெண்மணி. புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

“இந்த நாற்காலி செஞ்ச பட்டறையிலேர்ந்து வரேன். இருபத்துநாலுல ஒண்ணு சரியா ஒட்டலை. எதுன்னு எனக்குத் தெரியலை. எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லுங்க.”

“யாரு தப்பு இது?”

“என் தப்பு.”

அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு கையைத் தட்டி எல்லாரையும் எழச் சொன்னார். பெரியவர் செய்தித்தாளை நாற்காலியின் மேல் விரித்து வைத்துவிட்டு எழுந்தார், இடம் போய்விடக் கூடாதே என்று. நூலகர் ஒரு கோப்பைப் புரட்டி ரசீதில் இருந்த எண்ணைத் தேடிப் போனில் அழுத்துவதை நான் பார்த்தேன். அது மச்சானின் எண். ஞாயிற்றுக்கிழமை போகிறது என்று தெரிந்தது. பருத்தவரின் நாற்காலியை முறுக்கினேன். சத்தமில்லை. பெரியவருடையதும் இல்லை. ஆறும் இல்லை.

பதினேழும் ஆறும் இருபத்துமூன்று.

“இன்னொண்ணு எங்கே?”

நூலகர் போனை வைத்தார். “உள்ள இருக்கு. மேல் பரண்ல பழைய பதிவேடு எடுக்க நான் ஏறி நிக்கறது.”

பின்னறையில், பரணுக்குக் கீழே நின்றது. பின்னங்காலைத் தொட்டதுமே டிக் என்றது. வலது பக்கச் சட்டத்துக்கும் காலுக்கும் நடுவில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே சிவப்பு தெரியவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. நூலகர் கதவருகிலேயே நின்று நாற்காலியையும் பரணையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் மட்டும் நான்கு தடவை ஏறியதாகச் சொன்னார். தன் எடை என்ன என்று என்னிடம் சொல்லப்போவதில்லை, ஆனால் அது தெரிந்திருந்தால் நான் ஓடியே வந்திருப்பேன் என்றார். பிறகு உட்கார இடம் தேடி, நாற்காலியைத் தவிர்த்து, ஒரு புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அரைமணியில் மச்சான் வண்டியோடு வந்தார். நூலகரிடம் மன்னிப்புக் கேட்டார். நாற்காலியை வண்டியில் ஏற்றினார். பட்டறைக்கு வந்து நாற்காலியைக் கவிழ்த்து ரப்பர்ச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். சட்டம் கையோடு வந்தது. இரண்டு சோதனைக் கழுந்துகளையும் உருவி மேசைமேல் வைத்தார். டப்பாவைத் திறந்து கவிழ்த்தார்.

பாலிஷ்காரர் எட்டிப் பார்த்தார்.

மச்சான் விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். பத்து. கடைசி இரண்டு அவர் விரலில் ஒட்டிக்கொண்டன. விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் பொறுத்திருப்பேன் மாப்ளை. இது மறதியில செஞ்சதில்லை.”

“இல்லை.”

“நான் வந்தப்ப உனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை எத்தனை மணின்னு கேட்டேனே, அப்பவே தெரியும்.”

“தெரியும் மச்சான்.”

விரலை மோந்து பார்த்தார். பிறகு டர்பன்டைனில் தேய்த்துக் கழுவினார். இனிமேல் தன் பட்டறையில் நான் பசை டப்பாவைத் தொடக் கூடாது, மரம் அறுக்கலாம், பெருக்கலாம் என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வா, அம்மாவிடம் நீயே சொல் என்றார். உனக்காக நான் பரிந்து பேசினேன், அந்த வாக்கை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

மாலை ஆறுக்குப் போனேன். அத்தை பணியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். முகம் கழுவிய ஈரத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் மச்சானின் மனைவி குழந்தைக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. மச்சான் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். நானே சொல்ல வேண்டும் என்று சொன்னவர், பொறுக்கமாட்டாமல் அவரே சொன்னார். நூலகரை இரண்டு சுற்றுப் பருமனாக்கினார், பரணை ஒரு முழம் உயர்த்தினார். மற்றபடி எல்லாம் சரி.

அத்தை என் பக்கம் திரும்பினார்.

“எப்ப தெரிஞ்சுது?”

“எட்டரைக்கு.”

“எப்ப சொன்னீங்க?”

“பன்னெண்டேமுக்காலுக்கு.”

“நடுவுல?”

“ரெண்டு புதுசா செஞ்சு சிவப்பு அடிச்சு வச்சேன். கணக்கு சரியா இருக்கட்டும்னு. அப்புறம் வேலை ஓடலை. இருப்புக் கொள்ளலை. போயிட்டேன்.”

“நாற்காலி கெட்டதுன்னு கண்டுபிடிச்ச பிறகு சொன்னீங்களா, முன்னாடியா?”

“முன்னாடி.”

அவர் துண்டை மடித்தார். விரித்து, மறுபடி மடித்தார்.

பிறகு பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னார். அவர்களுடைய ஆபரேஷன் தியேட்டரில் தையல் போடுவதற்கு முன் பஞ்சுகளை எண்ணுவார்களாம். ஒரு முறை ஒன்று குறைந்திருக்கிறது. எண்ணிய பெண் பயந்துபோய், தரையில் கிடந்த வேறொரு பஞ்சைத் தட்டில் போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டாள். தைத்துவிட்டார்கள். பத்து நிமிடம் அவளுக்கு நிற்க முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு டாக்டரிடம் போய்ச் சொன்னாள். மறுபடி பிரித்து எடுத்தார்கள். டாக்டர் அவளை அனுப்பிவிடச் சொன்னார்.

“அனுப்பினீங்களா?” என்றார் மச்சான்.

“ஆறு மாசம் எண்ண விடலை. துடைக்கற வேலை குடுத்தேன். அனுப்பலை.”

“ஏம்மா, பொய்க்கணக்கு எழுதினவளை?”

“எழுதிட்டு வீட்டுக்குப் போய் தூங்கினவங்களையும் நான் பார்த்திருக்கேன்டா.” அவர் குரல் உயரவில்லை. “இவர் அன்னைக்கு மூணு மணி நேரம் பஸ்ல போனாரு. கேட்டா எவ்வளவு நேரம்னே தெரியலை. அதுக்குத்தான் நான் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தேன். இன்னைக்கு நாலு மணி நேரம் இவரை எறும்பு கடிச்சிருக்கு. நிமிஷம் உட்பட சொல்றாரு.”

“அப்ப என் பட்டறைப் பேரு?”

“உன் பட்டறையில நீ தண்டனை குடு. பசையைத் தொடாதேன்னியா, சரி. எனக்கும் அது சரிதான். பிள்ளை விஷயம் வேற. ஞாயித்துக்கிழமை அவ இவரோட போகட்டும்.”

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதத்துக்கு முன் எனக்காகப் பேசியவர், இன்று எனக்கு எதிராகப் பேசித் தோற்றதில் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போகும்போது, நாளைக்கு அந்த நாற்காலியைத் தானே ஒட்டப்போவதாகவும், நான் பக்கத்தில் நின்று எண்ணினால் போதும் என்றும் வாசலிலிருந்து சொன்னார்.

அத்தை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தினமும் பன்னிரண்டேகாலுக்கு, குழந்தையின் கை என் கையில் இருக்கும்போது, அவருக்குப் போன் பண்ண வேண்டும். தியேட்டரில் இருந்தால் அவரால் எடுக்க முடியாது. பரவாயில்லை, மணி அடித்தால் போதும்.

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரக் கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன். திங்கள் பன்னிரண்டேகால், செவ்வாய் பன்னிரண்டேகால், வருடம் முழுக்க. காலையிலிருந்து இருந்த பதைப்பு போகவில்லை. இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

வாண்டு உள்ளேயிருந்து வந்தாள். என் தலையில் மரத்தூள் இருப்பதைச் சொன்னாள். பிறகு எதிரே நின்று விசாரித்தாள்.

“ரெட்டை ஜடை போடத் தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“அப்ப ஸ்கூலுக்கு நான் எப்படிப் போறது?”

அத்தையைப் பார்த்தேன். அவர் உதவிக்கு வரவில்லை. வாண்டு போய்ச் சீப்பையும் இரண்டு ரப்பரையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

வகிடு எடுக்கவே மூன்று முறை ஆயிற்று. ஒரு ஜடை காதுக்கு மேலேயும் இன்னொன்று பிடரியிலும் வந்தது. அவள் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டு மறுபடி போடு என்றாள். மறுபடி போட்டேன். அதுவும் சரியில்லை, நாளைக்கும் வா, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தினம் வா என்றாள்.